சம்பூர்ணத்தின் வலது குதிகால்

இதை எழுதச் சொல்லி வந்த பிள்ளைகள் முதலில் போனது என் வீட்டுக்கு அல்ல, பவுனம்மாள் வீட்டுக்கு. அதை என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். அவ்வளவு விவரம் அவர்களுக்கு இல்லை. "பவுனம்மாதான் சார் உங்ககிட்ட அனுப்பினாங்க. 'எனுக்கு எய்த வராது, இன்ஸ்பெக்டர் அண்ணா நல்லா எய்துவாரு, அவரைக் கேளுங்க'ன்னாங்க" என்றார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. சர்க்கரை வந்துவிட்டது, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் அதைக் கேட்டதும் வயிற்றில் பழைய எரிச்சல் அப்படியே எழுந்து உட்கார்ந்தது. இரண்டாவதாகத்தானே என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்கு செல்போனில் மாட்டும் சின்ன லென்ஸ் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தோலில் சந்தேகமான மச்சமோ கட்டியோ இருந்தால் அதை வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். டெர்மாஸ்கோப் என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் அதை முதலில் வைத்துப் பார்த்தவர்கள் நாங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்களாம், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

நான் தொழுநோய் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். செங்கல்பட்டுப் பக்கம் பயிற்சி. கையில் கொடுத்தது ஒரு கோழி இறகு, ஒரு பால்பாயிண்ட் பேனா. ஆளை வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, தேமல் மேல் இறகால் தொட வேண்டும். தொட்ட இடத்தை விரலால் காட்டினால் உணர்ச்சி இருக்கிறது, காட்டாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் படிப்பு. மற்றது எல்லாம் வெயிலில் சைக்கிள் மிதித்துக் கண் கற்றுக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே, எதிரே போகிறவன் முதுகைப் பார்த்து "இந்தாப்பா, நில்லு" என்று கூப்பிட்டு நோயைக் கண்டுபிடித்திருக்கிறேன். எனக்குக் கண் மேல் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

பிறகு தொழுநோய் குறைந்தது. எங்களைப் பொது ஆஸ்பத்திரிகளில் சேர்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், தப்பு செய்தது கட்டடம் இல்லை. கொசு மருந்து, சொட்டு மருந்து, கணக்கெடுப்பு என்று எந்த வேலை வந்தாலும் என் தலையில் விழும். புதன்கிழமை மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து தோல் டாக்டர் அம்மா வருவார். அந்த ஒரு நாள்தான் நான் நானாக இருந்தேன்.

பவுனு அங்கே உதவியாளர். கட்டுத்துணி எடுத்துக் கொடுப்பது, தரை துடைப்பது, நோயாளிகளை வரிசையில் உட்காரவைப்பது அவள் வேலை. எட்டாவதோடு நிறுத்தியவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், மாமியார் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நானும் நல்ல அண்ணனாகத்தான் இருந்தேன், அந்த லென்ஸ் வரும் வரைக்கும்.

டாக்டர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். சரியாகச் சொன்னால் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். தப்பாகச் சொன்னால், "இன்னொரு தடவை பாருங்க" என்பார். அந்த மூன்று வார்த்தையும் அவர் வாயிலிருந்து ஒரே சுருதியில் வரும். நோயாளியின் காலைப் பார்க்க வேண்டுமென்றால் தான் உட்காரும் முக்காலியில் அவர்களை உட்காரவைத்து, தான் கீழே பலகையில் உட்கார்ந்துகொள்வார். சேறு அப்பிய காலைக் கையால்தான் பிடிப்பார். நடவு வேலை செய்கிற பெண்கள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார்கள். அவர் விடமாட்டார்.

டெர்மாஸ்கோப்பை அவர் சொந்தமாக வாங்கிக்கொண்டு வந்தார். டார்ச் லைட் அளவுதான் இருந்தது. முதல் நாள் ஒரு கொத்து மேஸ்திரி உள்ளங்காலில் மிளகு அளவு கறுப்போடு வந்தார். டாக்டர் அம்மா லென்ஸின் கண்ணாடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். கறுப்பின் மேல் ஒரு சொட்டு ஜெல் வைத்தார். லென்ஸை அழுத்தாமல் மேலே உட்காரவைத்தார். அழுத்தினால் ரத்தம் ஒதுங்கி நிறம் மாறிவிடும் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தெரியுது?"

நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். "மச்சம் மேடம். பயமில்ல."

"பேர் கேக்கல. என்ன தெரியுது?"

"மச்சம்தான் மேடம்" என்றேன் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

அவர் திரும்பி, பக்கெட்டோடு நின்ற பவுனைப் பார்த்தார். "நீங்க வந்து பாருங்க."

பவுனு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "கரும்புக் கொல்லை மாரி கீது மேடம். பாரு, சாலு, பாரு, சாலுன்னு வரி வரியா ஓடுது. கறுப்பு சாலுல மட்டும்தான் நிக்குது. பாருல இல்ல. பாரு மேல வெள்ளையா புள்ளி புள்ளியா வரிசைல கீது."

கரும்பு நடுகிறவர்களுக்குத் தெரியும். மண்ணை மேடாக அணைத்த வரி பார், தண்ணீர் ஓடுகிற பள்ளம் சால். உள்ளங்காலின் ரேகையை அவள் அப்படிப் பார்த்தாள்.

"அந்த வெள்ளைப் புள்ளி வேர்வை வர்ற துவாரம். அது இருக்கிற வரிதான் மேடு" என்றார் டாக்டர் அம்மா. "கறுப்பு பள்ளத்துல நின்னா பெரும்பாலும் மச்சம். மேட்டுல நின்னா புற்றுநோயான்னு சந்தேகப்படணும்." சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான் சொன்னது சரி. அது மச்சம்தான். அவள் பெயரே சொல்லவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமையிலிருந்து லென்ஸைத் துடைத்து எடுத்து வைப்பதும், படம் பிடிப்பதும், முதலில் பார்த்துச் சொல்வதும் பவுனு வேலையாகிவிட்டது. படம் பிடிக்க டாக்டர் அம்மா தன்னுடைய பழைய போன் ஒன்றைக் கொடுத்திருந்தார், சிம் இல்லாதது. முதலில் தூரத்திலிருந்து முழுக் காலும் தெரிய ஒரு படம், பிறகு லென்ஸ் மாட்டிக் கிட்டத்தில் ஒன்று, நோட்டில் பெயரும் ஊரும் வரிசை எண்ணும். நோட்டு எழுதுவது நான். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி, "அதுக்கு இன்னாவாம் இப்போ? அந்தம்மா கண்ணு நல்லா கீது" என்று சாம்பார் ஊற்றினாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. சர்டிபிகேட் என்னிடம், இருபத்தைந்து வருட அனுபவம் என்னிடம். நான் படித்து முட்டி தேய ஏறிய படியில் இவள் தரை துடைத்துக்கொண்டே ஏறிவிட்டாளே என்று இருந்தது. அவளும் என்னைப் போலக் கூலிக்காரர் வீட்டுப் பெண்தான். வேறு யாராவது ஏறியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். எரிந்திருக்காது.

பவுனுக்கும் ஒரு நாள் சறுக்கியது. பழையசீவரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் உள்ளங்காலில் ஒரு ரூபாய் அளவு கறுப்பு வட்டம். பவுனு பார்த்து, "பாருல நிக்குது மேடம்" என்றாள். டாக்டர் அம்மாவும் பார்த்தார், அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. உடனே சென்னைக்கு அனுப்பினார். அந்தக் குடும்பம் பஸ்ஸில் அழுதுகொண்டே போனது. அங்கே போய் நாலு நாள் காத்திருந்தபோது வட்டம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. விசாரித்தால், மருதாணி.

எங்கள் பக்கம் நடவு சீசனில் பெண்களுக்குக் காலில் சேற்றுப்புண் வரும். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் வராமல் என்ன செய்யும். மருதாணியும் மஞ்சளும் அரைத்து அதன் மேல் அப்பிக்கொண்டு படுப்பார்கள். புண் ஆறும், சாயம் நிற்கும். குதிகாலின் தடித்த தோலில் அது கறுப்பாகவே நிற்கும். அந்தச் சாயம் மேட்டு வரியில் ஊறிக்கொள்வதால் லென்ஸில் பார்க்கிறபோது புற்றுநோய் மாதிரியே தெரியும். சென்னை டாக்டருக்கும் நம் டாக்டர் அம்மாவுக்கும் தெரியாத மருதாணி எனக்குத் தெரியாதா? என் அம்மா கால் முழுக்க அதுதானே. ஆனால் அன்று என்னை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

எனக்கு அன்றைக்குச் சாப்பிட்ட நாஷ்டா தேனாக இனித்தது. ஒரு மாதம் டீக்கடையில் இதே பேச்சு. "மருதாணிக்கும் கேன்சருக்கும் வித்தியாசம் தெரியாதவங்க கைல லென்ஸைக் குட்த்தா இதான் கதி" என்று எல்லாரிடமும் சொன்னேன். பவுனு காதிலும் விழுந்தது. அவள் சிரித்தாள். "ஆமாண்ணா, மருதாணி வெக்கிற சாதில பொறந்துட்டு மருதாணியே தெரில பாரு எனுக்கு" என்றாள். அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

டாக்டர் அம்மா ஒரு விதி போட்டார். யார் வந்தாலும் மருதாணி வைத்தீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். வைத்திருந்தால் நாலு வாரம் கழித்து மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டும். "சாயம் போயிடும். போகாம நிக்கிறதுதான் நம்ம நோயாளி" என்றார். வரவழைப்பது என் பொறுப்பு. ஊருக்குள் போகிற உரிமை எனக்குத்தான் உண்டு.

அந்த வருடம் நவரைப் பருவத்து நடவு முடிகிற நேரத்தில் டாக்டர் அம்மாவின் தாயாருக்கு முடியாமல் போய் அவர் நீண்ட விடுப்பில் போனார். லென்ஸைப் பவுனிடம் விட்டுவிட்டுப் போனார். "படம் எடுத்து வைங்க, வந்து பாக்கறேன். அவசரம்னு தோணினா எனக்காகக் காத்திருக்காதீங்க, செங்கல்பட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார். தை மாதக் கடைசியில் மானாம்பதியில் ஒரு முகாம். அன்று பார்த்து பவுனின் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. லென்ஸ் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். "பெட்டியக் கீய வெச்சிடாதண்ணா. கண்ணாடில வெரல் படாம பாத்துக்க." அவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன்.

ஆனால் வாங்கியதும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மானாம்பதி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடியை நாலு தடவை துடைத்தேன். நடவுக்குப் போய்வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சம்பூர்ணம் ஐந்தாவதோ ஆறாவதோ வந்தாள். ஐம்பது வயது இருக்கும், விதவை, ஒண்டிக்கட்டை. நாற்றுப் பிடித்தால் அவளுக்கு ஈடாக இரண்டு பேர் வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு உள்ளங்காலும் மருதாணியில் சிவந்து கிடந்தது. வலது குதிகாலில், அந்தச் சிவப்புக்கு நடுவில், புளியங்கொட்டை அளவு கறுப்பு.

"எத்தினி நாளா கீது?"

"தெர்ல சார். வலி இல்ல. முள்ளு ஏறிச்சோ இன்னாவோ."

ஜெல் வைத்தேன், லென்ஸை வைத்தேன். கறுப்பு பாரில் நின்றது. வெள்ளைப் புள்ளி வரிசை தெரிந்தது, அதைச் சுற்றிக் கறுப்பு. நன்றாகவே தெரிந்தது. அடுத்த நொடியே பழையசீவரத்துப் பெண் ஞாபகம் வந்தாள். இதை நான் செங்கல்பட்டுக்கு அனுப்பி, அங்கே மருதாணி என்று சொல்லிவிட்டால்? ஒரு மாதம் டீக்கடையில் பேசியவன் நான். பவுனு மறுபடி சிரிப்பாளே, அதுவும் கோபமில்லாமல். படம் எடுத்தேன். நோட்டில் "மருதாணி" என்று எழுதினேன். டாக்டர் அம்மா பெயர் கேட்கவில்லை, பார்த்ததைத்தான் கேட்டார். நான் பெயரை எழுதினேன்.

பவுனுக்குப் பேரன் பிறந்தான். ஒரு வாரம் கழித்து வந்தாள், எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தாள், போனை எடுத்து நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சம்பூர்ணத்தின் படத்தில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, இத்தப் பாரேன். சுத்தியும் மருதாணி ஒரே கலர்ல கீது. இது மட்டும் ஏன் ரெண்டு மூணு கலரா கீது? இந்த ஓரத்துல சாம்ப மாரி கீது பாரு. ஓரமும் நேரா இல்ல."

"ரெண்டு தபா வெச்சிருக்கும். அதான்."

"இருக்கலாம். எதுக்கும் கூப்ட்டுடுண்ணா. செங்கப்பட்டுக்கு அனுப்பிடலாம்."

"மேடம் போட்ட ரூல் இன்னா? நாலு வாரம். நாலு வாரம் ஆவட்டும்."

விதியை அவள் மேல் வீசினேன். அந்த விதி எதற்காக வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போனை அணைத்துப் பெட்டியில் வைத்தாள்.

நாலு வாரம் ஆனது. நான் போகவில்லை. சொட்டு மருந்து முகாம் என்றேன். அடுத்த வாரம் கொசுப் புழுக் கணக்கு என்றேன். இரண்டும் உண்மைதான், ஆனால் மானாம்பதி என்ன சீமையிலா இருக்கிறது? டிவிஎஸ் ஐம்பதில் அரை மணி. ஒவ்வொரு புதனும் அவள் கேட்பாள், ஒவ்வொரு புதனும் எனக்கு வேலை இருக்கும். ஆறாவது வாரம், "நான் வோணா லீவு போட்டுட்டுப் போயி கூட்டியாரட்டாண்ணா?" என்றாள்.

"அது என் ஏரியா. நீ தரையத் தொடைக்கிற வேலையப் பாரு" என்றேன்.

இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் மற்ற எதையும் எழுதத் தேவையில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவள் கேட்கவில்லை. காலையில் டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைத் தாண்டிப் போனேன். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"என் மேல கோவம்னா என்கிட்ட காட்டிக்கோண்ணா. அது இன்னா பண்ணிச்சி, பாவம்."

நான் வண்டியை எடுத்தேன். மானாம்பதியில் வீடு பூட்டியிருந்தது. நூறு நாள் வேலைக்கு வரத்துக் கால்வாய் பக்கம் போயிருக்கிறாள் என்றார்கள். அங்கே வேப்பமர நிழலில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா சார், சாப்புட்றியா?" என்றாள். காலைக் காட்டச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். லென்ஸ் கொண்டுபோகவில்லை, தேவைப்படவும் இல்லை. இடது கால் வெளுத்துப் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. வலது காலிலும் மருதாணி போயிருந்தது. கறுப்பு போகவில்லை. புளியங்கொட்டை இப்போது ஒரு ஓரத்தில் கால் முளைத்த மாதிரி நீண்டிருந்தது.

"இன்னா சார் இப்டி வேர்த்துக் கீது உனுக்கு? எனக்காவ இந்த வெயில்ல வந்தியா?" என்று தூக்குவாளியில் இருந்த நீராகாரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தேன்.

டாக்டர் அம்மா அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பினார். சம்பூர்ணத்தை முக்காலியில் உட்காரவைத்து, தான் பலகையில் உட்கார்ந்து, லென்ஸை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பழைய படத்தையும் போனில் பார்த்தார். நோட்டில் தேதியைப் பார்த்தார். "ஏழு வாரம் ஆச்சே. ஏன்?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று சத்தியமாக இன்றுவரை தெரியவில்லை. அதற்குள் பவுனு, "வேலைக்கு வெளியூரு போயிடுச்சாம் மேடம். இன்ஸ்பெக்டர் அண்ணாதான் தேடிக் கண்டுபுட்ச்சிக் கூட்டியாந்தாரு" என்றாள். சம்பூர்ணம் எங்கேயும் போகவில்லை. ஆனால் பயத்தில் அவள் காதில் எதுவும் ஏறவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை பாருங்க" என்றார். எதை என்று சொல்லவில்லை.

பவுனு என்னைக் காப்பாற்றினாள் என்று எல்லாரும் சொல்வீர்கள். எனக்கு அன்று நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது. இவளுக்கு எப்படி இது வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை என்று ஒரு பொறாமை. லென்ஸ் அவள் கைக்குப் போனபோதுகூட இவ்வளவு இல்லை.

சென்னையில் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான். குதிகாலை அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை எடுத்துப் போர்த்தினார்கள். தொடையிடுக்கில் நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள், பரவியிருக்கவில்லை. உயிர் பிழைத்தாள். ஆனால் சேற்றில் இறங்கக் கூடாது என்றுவிட்டார்கள். இரண்டு ஆள் நாற்றை ஒற்றை ஆளாக நட்டவள் மைக்ரோசெல்லுலர் என்ற மெத்தை ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு இரண்டு ஆடு மேய்க்கிறாள். அந்தச் செருப்பு தொழுநோயாளிகளுக்கு நான் அளவெடுத்து வாங்கிக் கொடுக்கிற அதே செருப்பு. அவளுக்கும் நான்தான் அளவெடுத்தேன்.

ஒரு புதன்கிழமை எல்லாரும் போன பிறகு டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "ஏழு வாரம் முந்தியே போயிருந்தா குதிகால் இவ்ளோ போயிருக்காதா மேடம்?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "சொல்ல முடியாது" என்றார்.

கொஞ்சம் குறைந்திருக்கும் என்றோ, ஒன்றும் மாறியிருக்காது என்றோ சொல்லியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

சம்பூர்ணம் ஊரெல்லாம் சொன்னாள், இன்ஸ்பெக்டர் சார் வெயிலில் தேடி வந்து உயிரைக் காப்பாற்றினார் என்று. ஆஸ்பத்திரிக்குக் கால் காட்ட வரும்போதெல்லாம் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவருவாள். எனக்கு மட்டும். லென்ஸ் வைத்துப் பார்க்கிறவள் பவுனு, கீரை எனக்கு. பவுனு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் வாங்கிக்கொண்டு போய்ப் பொரியல் செய்யச் சொல்லித் தின்றேன். பெயர் வேண்டும், பெயர் வேண்டும் என்று அத்தனை வருடம் அடித்துக்கொண்டவனுக்குக் கடைசியில் கிடைத்த பெயர் இதுதான்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, சம்பூர்ணத்தின் பெயர் வருகிறதே, அவளைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று போன வாரம் மானாம்பதிக்குப் போனேன். ஆட்டைக் கட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாற்காலி போட்டாள். காகிதத்தை எடுத்து முழுக்க வாசித்துக் காட்டினேன். தரை துடைக்கிற வரியையும் வாசித்தேன்.

முடித்த பிறகு அவள் ஆட்டின் கயிற்றை ஒரு தரம் இழுத்துக் கட்டினாள்.

"ஏயு வாரமா?" என்றாள்.

"ஏழு."

"பவுனம்மா கூப்டச் சொல்லிக்கினே இருந்திச்சா?"

"ஆமா."

"இத்தினி வருசமும் கீரைய உனுக்குத்தான சார் குட்த்தேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய்விடலாம் என்று காகிதத்தை மடித்தேன். அவள் செருப்பைக் கழற்றி, இடது காலை எனக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தக் காலையாவது ஒயுங்கா பாரு."

"என்கிட்ட லென்ஸ் இல்லம்மா. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு..."

"லென்ஸ் இல்லன்னா கண்ணும் இல்லியா? இன்னா கீதோ அத்தச் சொல்லு."

நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் வாங்கி அந்தக் காலைக் கழுவி, துண்டால் துடைத்து, வெயில் விழுகிற பக்கம் திருப்பி என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். "குதிகால்ல வெடிப்பு மூணு கீது" என்றேன். "நடுவுல கீறது ஆழம். கட்டை வெரலுக்குக் கீய பழைய முள்ளுத் தயும்பு, வெள்ளையா. சுண்டு வெரல் பக்கம் ஒரு புள்ளி, கடுகு அத்தினி, பழுப்பு. ஓரம் நேராத்தான் கீது. சால்லயா பார்லயான்னு என் கண்ணுக்குத் தெரில. இத்தப் பவுனம்மாதான் பாத்துச் சொல்லணும்." பெயர் எதுவும் சொல்லவில்லை.

"செரி" என்று காலை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு கட்டு முருங்கைக்கீரையை வாழை நாரில் கட்டி எடுத்துவந்தாள். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"உனுக்கு இல்ல சார். பவுனம்மாகிட்ட குட்த்துடு."

உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது பவுனு வீடு. அதுவரைக்கும் அந்தக் கீரையை வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பொறாமையாகத்தான் இருந்தது.